காற்றில் நிற்கும் பெயர்

கூப்பிடுவதற்கு முன் இராக்கம்மா காற்றைப் பார்ப்பார். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் வாசலில் நின்று சேலைத் தலைப்பின் நுனியைப் பிடித்துத் தூக்கிவிடுவார். அது பறக்கிற பக்கத்தைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து நிற்பார். இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும்.

"பீப்பாஆஆ...!"

எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களில் ஒருத்தி நிமிர்வாள். "தா வாறேன் ஆயம்மா!" என்று குரல் வரும். கூடையை நிரையிலேயே இறக்கி வைத்துவிட்டு, தேயிலைச் செடிகளுக்குள் மறைந்தும் தெரிந்தும் இறங்கி வருவாள். காம்பராவுக்குள் அவள் மகன் பீப்பா பசியில் அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் உருண்டுகொண்டிருப்பான். பிறப்புப் பதிவில் அவனுக்கு வேறு பெயர். அதைக் கேட்டால் பெற்றவளே ஒரு தரம் மேலே பார்த்து யோசித்துவிட்டுத்தான் சொல்வாள்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம், நமுனுகுல மலை முகிலைத் தலையில் போட்டுக்கொள்ளும் திசையில் இருக்கிறது தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே ஒரு மேட்டில் காம்பரா. வாசலில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று மும்மொழியில் பலகை இருக்கிறது. பலகை வந்த பிறகும் எல்லாருக்கும் அது புள்ளக்காம்பராதான். உள்ளே பழைய சேலைகளில் கட்டிய தொட்டில்கள், உட்கார ஒரு மர வாங்கு, எப்போதும் வெந்நீரோடு சூடாக இருக்கும் ஒரு கேத்தில். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை இறக்கிவிடும்போது இராக்கம்மா ஏற்கெனவே வந்து தொட்டில் கயிறுகளை இழுத்துப் பார்த்திருப்பார். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். இளம் வயதில் இந்த வேலைக்கு வந்து, இப்போது காதோரம் நரைத்துவிட்டது. மகன்மார் இருவரும் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள்.

பிள்ளைகளுக்குப் பதிவுப் பெயர் இருக்க, இவர் ஏன் இன்னொரு பெயர் வைக்கிறார் என்று வெளியாள் கேட்கலாம். மேல்கணக்கில் யாரும் கேட்பதில்லை. கொழுந்து மலை ஒரு மடிப்புக்குள் இருக்கிறது. கைத்தொலைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. பிள்ளை பசித்து அழுதால் தாயைக் குரலால்தான் இறக்க வேண்டும். ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு தாய் ஒருமுறை, "எம்மகனுக்கு ஜோசியம் பாத்து கிருஷாந்தன்னு வச்சிருக்கோம் ஆயம்மா, அப்பிடியே கூப்பிடுங்க" என்றாள். இராக்கம்மா மறுக்கவில்லை. அப்படியே கூப்பிட்டார். மலையிலிருந்து நாலைந்து தாய்மார் ஒன்றாக ஓடி வந்து நின்றார்கள். கிருஷாந்தனின் தாய் மட்டும் வரவில்லை.

"இப்ப வாற பேரெல்லாம் ஷா, க்ஷா, ஷி. காத்து அதயெல்லாம் பிச்சுத் தின்னுருது. கடேசில ஒரு 'ன்' மட்டுந்தான் மலைக்குப் போய்ச் சேருது. எல்லாப் பயலுக்கும் கடேசில 'ன்'தானே. அவ்வளவு பேரும் எறங்கி வந்தா கங்காணி ஏங்கிட்டத்தான் சத்தம் போடுறாரு" என்று இராக்கம்மா விளக்கினார். காற்றில் நிற்கும் பெயருக்கு எங்கேயாவது ஒரு நீட்டம் வேண்டும், மலை அதைப் பிடித்துத் திருப்பித் தர வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

அப்படி வைத்த பெயர்கள் தொட்டிலோடு நிற்கவில்லை. பனிக்காலத்தில் ஒரு பையனைத் தாய் துணிமேல் துணியாகச் சுற்றிக் கொண்டுவருவாள். ஒவ்வொன்றாக உரித்து உள்ளே பிள்ளையைத் தேடி எடுக்க வேண்டும். முட்டைக்கோவா மாதிரி என்று அவன் கோவா ஆனான். பதிவில் தினேஸ். இன்று ஆட்டோ ஓட்டுகிறான், வண்டியின் பின்பக்கம் சிவப்புப் பெயின்டில் 'கோவா' என்று அவனே எழுதி வைத்திருக்கிறான். இன்னொருவன் புருவத்தை நெரித்துக்கொண்டு படுத்திருப்பான். யார் எட்டிப் பார்த்தாலும், வழக்கை ஏற்கெனவே கேட்டு முடித்தவன் மாதிரி ஒரு பார்வை. அவன் நீதவான். இப்போது பெரிய மீசையோடு மேசன் வேலை செய்கிறான். தண்ணிப் பைப்புச் சண்டை வந்தால் லயத்தார் உண்மையாகவே அவனிடம் போகிறார்கள், அவனும் தீர்ப்புச் சொல்லிப் பழகிவிட்டான். மேகம் என்பவள் தொட்டிலில் எந்த அறிகுறியும் காட்டாமல் சட்டென்று நனைத்துவிடுவாள். "மப்பே போடாது, பொசுக்குன்னு பேஞ்சிரும்" என்பார் இராக்கம்மா. மேகத்துக்கு இன்று இரண்டு பிள்ளைகள், கொழுந்தில் கெட்டிக்காரி. தபால் என்று ஒருவன் இருக்கிறான். நனைந்து வெகுநேரம் கழித்துத்தான் அழுவானாம்.

கறுப்பு, குட்டை, மாறுகண் இதெல்லாம் அவர் வாயில் வராது. "ஒடம்ப வச்சுப் பேரு வைக்கிறது பாவம். அது புள்ள செஞ்சதில்லயே" என்பார். பிள்ளை தானாகச் செய்கிற ஒன்றிலிருந்துதான் பெயர் வர வேண்டும். எப்படி இப்படியெல்லாம் தோன்றுகிறது என்று யாராவது புகழ்ந்தால் கூச்சத்தில் நெளிந்து, "நா எங்கங்க வைக்கிறேன், அதுங்க வரும்போதே கொண்டாருதுங்க" என்று தொட்டிலைப் பார்த்துச் சொல்வார்.

தொட்டிலைப் பார்த்துத்தான் சொல்வார். பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பேசுகிறவர், மலையைப் பார்த்து ஊர் அதிரக் கூப்பிடுகிறவர், வளர்ந்த மனிதர் முன்னால் வந்து நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். தெரியாத ஆள் என்றால் கேட்கவே வேண்டாம். தோட்டத்துக்கு வந்த அதிகாரி ஒருவர் ஏதோ கேட்டபோது, பதிலைக் கேத்திலுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனவர் அவர்.

முருகையாவின் மகள் துஷாந்தினி கைக்குழந்தையாகக் காம்பராவுக்கு வந்தபோது தூக்கத்தில் ஒரு சத்தம் போடுவாள். அடித்தொண்டையில் ஒரு உறுமல், நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு இன்னும் கனமாக உறுமல். நமுனுகுல ஏற்றத்தில் தேயிலை லொறி கியர் மாற்றி ஏறுவது போலவே இருக்கும். மற்றப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினார்கள். அவள் வராத நாளில் காம்பரா முழுக்க அழுகை. அந்த வருடம் அவளுடைய அம்மா நோயில் கிடந்ததால், வேலை முடிந்த பிறகும் லொறியை இராக்கம்மாவே இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தார். லொறி என்ற பெயர் அப்படித்தான் லயம் லயமாகப் பரவியது.

அந்த லொறி வளர்ந்து, கொடி மாதிரி மெலிந்து, பேசுவது அடுத்தவருக்குக் கேட்காத அளவு மெல்லிய குரலோடு நின்றாள். உயர்தரப் படிப்பு முடித்து, பதுளையில் ஹபீஸ் நானாவின் பாமசியில் வேலை. அங்கே அவள் துஷாந்தினி. ஒருநாள் கோவா ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு வாசலிலிருந்தே, "ஏ லொறி, ரெண்டு கார்ட் காச்சக் குளிசை எடு!" என்று கத்தினான். ஹபீஸ் நானா கணக்குப் பார்ப்பதை விட்டு எழுந்து வந்து தெருவை எட்டிப் பார்த்தார். "எங்க லொறி? இங்க லொறி நிப்பாட்ட ஏலாதே, பொலிஸ் வரும்" என்றார். மருந்து வாங்க நின்றவர்களும் தெருவைப் பார்த்தார்கள். துஷாந்தினி அன்று முழுக்க மருந்து அலுமாரிக்குள் முகத்தை வைத்துக்கொண்டே வேலை செய்தாள்.

இந்த நிலையில்தான் பண்டாரவளையிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் நிமலன், கண்ணாடிக் கடையில் வேலை. எப்படியோ விசாரித்துக்கொண்டு பாமசிக்கே வந்து, தேவையில்லாத இருமல் மருந்து ஒன்றை வாங்கிப் போனான். மறுவாரமும் வந்தான், இருமாமலே. துஷாந்தினிக்கும் மனம் சாய்ந்துவிட்டது. பையனின் அம்மாதான் ஆள் கறார். எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார், பதில் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார் என்று தரகர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அதற்கு முந்திய ஒரு மாலையில் துஷாந்தினி காம்பராவுக்கு வந்து வாங்கில் உட்கார்ந்தாள்.

"ஆயம்மா, ஒரு ஒதவி செய்வீங்களா?"

"சொல்லு லொ..."

"அதத்தான் சொல்ல வந்தேன்! அந்தப் பேரு ஞாயித்துக்கெழம ஒருத்தரு வாயிலயும் வரக் கூடாது."

"அந்தம்மா சிரிச்சிருவாங்கன்னு பயமா?"

"அவுங்க சிரிச்சாப் பரவால்ல." துஷாந்தினி தாவணி நூலைப் பிய்த்தாள். "அவரு எம்பேர முழுசாச் சொல்லுவாரு ஆயம்மா. ஒரு எழுத்து விடாம. இங்க ஒருத்தராச்சும் அப்பிடிக் கூப்பிட்டிருக்கீங்களா?"

இராக்கம்மா கேத்திலைப் பார்த்தார்.

"நா எல்லா வீட்டுலயும் சொல்லிப்புடுறேன்" என்றார்.

"இன்னொன்னு. கோவிச்சுக்காதீங்க. அவுங்க வந்து போற மட்டும் நீங்க காம்பராவ விட்டு வராதீங்க. என்னயப் பாத்தா ஒங்க வாயில அதுதான் மொதல்ல வரும்."

அது உண்மைதான். உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது. கல்யாணம் பேசுகிற அன்றைக்கு அவளுக்குத் தலை வாரிவிட வேண்டும் என்று இராக்கம்மா நினைத்து வைத்திருந்தார். "சரி, வரல" என்றார்.

சொன்னபடி வீடு வீடாகப் போனார். வாசலில் நின்று, கதவுக்குச் சொல்வது போல, "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராங்க. லொறின்னு யாரும் வாயத் தொறந்துராதீங்க" என்று சொல்லி நகர்ந்தார். ஊரார் இதை ஒரு நேர்த்திக்கடன் மாதிரி ஏற்றுக்கொண்டார்கள். வாய் தவறாமல் இருக்கச் சிலர் பழகிப் பார்த்தார்கள். தபால் தன் பிள்ளைகளிடம், "எவனாவது சொன்னீங்க, பல்லத் தட்டிருவேன்" என்றான். சொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலை இருந்தது. விரும்பியவர்கள் கொழுந்து எடுத்து அன்றைக்கே காசு வாங்கும் நாள். மேகமும் இன்னும் சிலரும் மலைக்குப் போயிருந்தார்கள். காம்பராவில் பீப்பாவும் இன்னொரு சின்னதும் மட்டும். இராக்கம்மா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கீழே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. முருகையாவின், "வாங்க வாங்க" கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கோவா மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"ஆயம்மா, கெட்டுச்சு காரியம்!"

"என்னாடா?"

"நா வாயே தொறக்கலங்க. ஜங்சன்ல அவுங்கள ஏத்துனதுலருந்து ஒரு வார்த்த பேசல. கீழ்லயத்துக்கிட்ட மாடு குறுக்க வந்திருச்சு, நிப்பாட்டுனேன். நம்ம வீரய்யாப் பெரியப்பா தலைய உள்ள விட்டு, 'என்னா, லொறி வீட்டுக்கா?'ன்னுட்டாரு. சொன்னவரு சும்மா போவக் கூடாதா? ஐயையோன்னு வாயப் பொத்திக்கிட்டு ஓடுறாரு!"

"சரி, நீ என்னா சொன்ன?"

"அந்தம்மா கேட்டாங்க, 'லொறின்னா என்னா தம்பி?'ன்னு. எனக்குப் பொய் வராதுல்ல. 'அதப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா'ன்னேன்."

இராக்கம்மா நெற்றியில் கை வைத்தார்.

"அப்பறம் பைப்படியில நின்ன பொம்பளைங்ககிட்ட அவுங்களே கேக்குறாங்க, 'இந்த லொறி விசயம் என்னாம்மா?'ன்னு. எல்லாரும் கொடத்தத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திட்டாங்க. நம்ம நீதவான் இருக்கானே, அவன் தலைய ஆட்டி, 'எங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, அவ நல்ல புள்ளைங்க'ன்னான். தீர்ப்பு மாதிரி. அதோட அந்தம்மா மொகம் மாறிப்போச்சு. இப்ப அங்க ஒக்காந்துக்கிட்டு, எந்த லொறிக்காரன்னு கேக்குறாங்க."

"எந்த லொறிக்காரன்?" என்று இராக்கம்மா திருப்பிக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் விளங்கிவிட்டது. பெண் பிள்ளை, ஊர் முழுக்க மறைக்கிற ஒரு லொறி. வெளியாள் காதில் அது வேறு எப்படி விழும்?

சின்னதைத் தூக்கிக் கோவாவின் தோளில் போட்டார். "தட்டிக்கிட்டே இரு. பீப்பா கதவுப் பக்கம் உருளாமப் பாத்துக்க."

"நீங்க போவக் கூடாதுன்னு லொறி..."

"தெரியும்டா."

முருகையாவின் வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றார். உள்ளே பையனின் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது. பக்கத்தில் பையனின் தாய்மாமன். என்ன நடந்தாலும் பிஸ்கட்டை விடுவதில்லை என்ற முடிவோடு இருந்தார். நிமலன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முருகையாவுக்கு எதுவும் விளங்கவில்லை, சால்வையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். குசினி வாசலில் துஷாந்தினி, கண் நிறைய நீரோடு.

"எங்களுக்கு ஒளிவு மறைவு புடிக்காதுங்க" என்று பையனின் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "வயசுப் புள்ளைங்க, ஏதாவது நடந்திருக்கலாம். அந்த லொறிக்காரன் யாரு, இப்ப எங்க இருக்கான், அத மட்டும் சொல்லிப்புடுங்க. நாங்க எழுந்திருச்சுப் போயிடுறோம்."

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். இராக்கம்மாவுக்குச் சொல்ல வேண்டியது முழுவதும் நெஞ்சில் வரிசையாக நின்றது, ஒன்றுகூட வெளியே வரவில்லை. தெரியாத ஆட்கள், அதுவும் நாற்காலியில். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். தொண்டைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு உறுமல் கிளம்பியது. ஏறியது, ஒரு கணம் நின்றது, கியர் மாறியது, இன்னும் கனமாக ஏறியது. மாமன் கையில் பிஸ்கட் பாதியில் நின்றது.

கண்ணைத் திறந்து, தரையைப் பார்த்து, "இவதாங்க லொறி" என்றார். "தொட்டில்ல. தூங்கும்போது இப்பிடித்தான்."

பையனின் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இது யாரு?"

"புள்ளக்காம்பரா ஆயம்மாங்க" என்றார் முருகையா. "இங்க எல்லாப் புள்ளைக்கும் இவுங்கதான் பேரு வைப்பாங்க."

"நல்லா இருக்கே கத. கேக்குறவன் கேனையா இருந்தா, கேப்பையில நெய் வடியுதும்பீங்க." அவர் எழுந்தார். "வாடா நிமலா."

இராக்கம்மா திரும்பி முற்றத்துக்கு இறங்கினார். சேலைத் தலைப்பைத் தூக்கிப் பார்த்தார். இடது காதைப் பொத்தினார்.

"மேஏஏகம்...!"

மலையிலிருந்து, "ஓஓய்! என்னா ஆயம்மா?" என்று பதில் வந்தது.

"நீஈஈதவான்...!"

சாத்திய கதவொன்று திறந்தது. மீசைக்காரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "கூப்பிட்டீங்களா?" என்றான்.

"தபாஆஆல்! கோவாஆஆ!"

மேட்டில் காம்பரா வாசலுக்குக் கோவா வந்து நின்றான், தோளில் ஒன்று, கையில் பீப்பா. அடுத்த லயத்தில் ஒருத்தி தலையில் எண்ணெய் வழிய வந்து எட்டிப் பார்த்தாள். அவளைக் கூப்பிடவே இல்லை, தன் பெயர் எப்போது வரும் என்று வந்தவள். இன்னும் கதவுகள் திறந்தன. வளர்ந்தவர்கள், மீசையும் தாலியுமாக, பிள்ளை குட்டியோடு, பெயர் சொன்னதும் பெயர் சொன்னதும் வந்து நின்றார்கள். தபால் மட்டும் வரவில்லை.

படியில் நின்ற பையனின் அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மீசைக்காரனிடம் கண் நின்றது.

"இவருக்கு எதுக்கு நீதவான்?"

இராக்கம்மா புருவத்தை நெரித்து, உதட்டைக் குவித்து, தொட்டிலில் படுத்திருக்கும் கைக்குழந்தை ஊரையே விசாரிப்பது போல ஒரு பார்வை பார்த்தார். அதே நேரம் நீதவானும் என்ன நடக்கிறதென்று விளங்காமல் புருவத்தை நெரித்துப் பார்த்தான். இரண்டு முகமும் ஒன்றாக இருந்தன.

பையனின் அம்மாவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, நா லொறிக்காரன்னு... ஐயோ!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தபால் மூலையைத் திரும்பி ஓடி வந்து, "கூப்பிட்டீங்களாமே?" என்றான். முற்றம் முழுக்க வெடித்துச் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று அவன் எல்லாரையும் பார்த்தான்.

நிமலன் அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறந்தான். "ஆயம்மா, அந்தச் சத்தத்த இன்னொருக்காப் போட்டுக் காட்டுங்களேன்."

"வேணாம்!"

குசினி வாசலிலிருந்து வந்த குரல் அது. லயம் முழுக்கக் கேட்டது. துஷாந்தினிக்கு அவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்பது பெற்றவர்களுக்கே அன்றுதான் தெரியும். நிமலன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஆறிய தேத்தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார்கள். பையனின் அம்மா ஒரு சொட்டு விடாமல் குடித்தார், பலகாரத்தில் சீனி கூடிவிட்டது என்றும் முகத்துக்கு நேரே சொன்னார். கொண்டுவந்த பழத்தட்டைத் துஷாந்தினியின் அம்மா கையில் கொடுத்தார். பிறகு, சுவரோரம் ஒதுங்கி நின்ற இராக்கம்மாவைத் தேடிப் பிடித்தார்.

"ஊருக்கே வச்சீங்க. எம்மகனுக்கு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

இராக்கம்மா நிமலனை ஓரக்கண்ணால் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"இப்பிடி முழிச்சுக்கிட்டு நிக்கிற ஆளுக்கு எப்பிடிங்க வைக்கிறது?" என்றார் பையனின் அம்மாவின் செருப்பைப் பார்த்து. "தூங்கணும், எந்திரிக்கணும், பசிக்கணும். ஒரு வாரம் காம்பராவுல விட்டுட்டுப் போங்க."

தெரியாத ஆளிடம் இராக்கம்மா அவ்வளவு நீளமாகப் பேசியது அதற்கு முன்னால் நடந்ததில்லை என்று முருகையா இப்போதும் சொல்வார்.

எல்லாரும் போன பிறகு துஷாந்தினி காம்பராவுக்கு வந்தாள். கட்டிய பட்டுச் சேலையோடு வாங்கில் உட்கார்ந்தாள்.

"வரக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"வந்ததுதான் வந்தீங்க, அந்தச் சத்தத்தப் போட்டுக் காட்டணுமா?"

"என்னா செய்யச் சொல்ற? வாயில பேச்சு வரலயே."

அவள் கோபமாக இருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. தலையைக் குனிந்து இராக்கம்மாவின் பக்கம் நகர்த்தினாள். பூ சரிந்திருந்தது. இராக்கம்மா அதை அவிழ்த்துவிட்டு, முடியை முதலிலிருந்து வாரத் தொடங்கினார்.

கல்யாணம் அந்த வைகாசியில் நடந்தது. துஷாந்தினி இப்போது பண்டாரவளையில் இருக்கிறாள், அங்கேயே ஒரு பாமசியில் வேலை. மாமியார் அவளைக் கோபத்தில் துஷாந்தினி என்றும், நல்ல மனதோடு இருக்கும்போது லொறி என்றும் கூப்பிடுகிறார். பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு இருவரும் மேல்கணக்குக்கு வருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் நிமலன் நேரே காம்பராவுக்குப் போய், மர வாங்கில் கால் நீட்டி ஒரு தூக்கம் போடுவான். வேண்டுமென்றே போடுகிற தூக்கம். இராக்கம்மா அணையாடைகளை மடித்துக்கொண்டே அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்ன ஆச்சு என்பதுபோல் புருவத்தைத் தூக்குவான்.

இராக்கம்மா உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டுவார். மாப்பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.